ஏஜென்ட் தேடும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கட்டடத்தை நிர்வகிக்கும் ஏஜென்ட்டுகளிடம் வாங்கி நீ அனுப்பிய மூன்று கொட்டேஷன்களையும் நேற்றிரவு சமையலறை மேசையில் விரித்து வைத்து இரண்டு தரம் வாசித்தேன். தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். லீட்ஸில் உங்கள் கட்டடத்துக்கு ரைட் டு மேனேஜ், அதாவது வீட்டுக்காரர்களே நிர்வாகத்தை எடுத்து நடத்தும் உரிமை, கிடைத்ததும், அதற்கான கம்பெனிக்கு நீ டைரக்டராகப் பெயர் கொடுத்ததும் எனக்குப் பெருமை. பதினெட்டு வீட்டுக்காரரின் காசும் கூரையும் இனி உங்கள் நாலு பேர் கையில் இருக்கின்றன என்ற கவலையும் கூடவே வருகிறது.

மற்ற டைரக்டர்கள் மிகக் குறைந்த விலை சொன்னவரையே விரும்புகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஒரு வீட்டுக்கு வருடம் 165 பவுண், வாட் தனி. மற்ற இருவரும் 240, 275. முதலாமவருக்கும் நடுவிலுள்ளவருக்கும் பதினெட்டு வீட்டுக்கு வருடம் 1,350 பவுண் வித்தியாசம். சரி, சின்னக் காசு இல்லைத்தான். ஆனால் 165காரரின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார். பெரிய வேலைகளை மேற்பார்வை செய்ய நூற்றுக்கு 15; நடுவிலுள்ளவர் 8 கேட்கிறார். உங்கள் கூரைக்கு 40,000 பவுண் வேலை வந்தால் ஒருவருக்கு 6,000, மற்றவருக்கு 3,200. இரண்டு வருட மிச்சம் அந்த ஒரு வேலையிலேயே போய்விடும். வருடத்துக்கு இரண்டு தரத்துக்கு மேல் கட்டடத்தைப் பார்க்க வந்தால் தனிக் காசு, மாலைக் கூட்டத்துக்குத் தனிக் காசு என்றும் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது.

நாங்கள் ஹாரோவில் பட்டதை நீ முழுக்க அறியமாட்டாய், அப்போது நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். 2010 டிசம்பர் பனிக்குப் பிறகு மேல்மாடி ஐரிஷ் அம்மாவின் படுக்கையறைக் கூரை ஒழுகத் தொடங்கியது. அந்த வயதில் அவர் இரவில் எழும்பி எழும்பி வாளி மாற்றினார். அப்போதைய ஏஜென்ட்டை வைத்தது ஃப்ரீஹோல்டர், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரர். நான் பதினொரு கடிதம் போட்டேன். கோடையில்தான் ஆட்கள் வந்தார்கள். அப்புறம் வீட்டுக்கு 1,860 பவுண் என்று பில் வந்தது. எங்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் என்று அரசாங்கக் காசில் நடக்கும் இலவச ஆலோசனை நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே கேட்டபோதுதான் செக்ஷன் 20 என்ற சொல்லையே முதல் தரம் கேள்விப்பட்டேன். 1985ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம் அது. ஒரு வேலைக்கு எந்த ஒரு வீடாவது 250 பவுணுக்கு மேல் கட்ட வேண்டி வந்தால், முதலில் என்ன வேலை, ஏன் என்று எழுதிக் கொடுத்து, கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும். பிறகு விலை மதிப்பீடுகளைக் காட்டி இன்னொரு 30 நாள். செய்யாவிட்டால் வீட்டுக்கு 250 பவுணுக்கு மேல் கேட்க முடியாது. தீர்ப்பாயத்துக்குப் போனோம். 250 தான் கட்டினோம்.

இதை வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை, பிள்ளை. நீ இப்போது மேசையின் மறுபக்கத்தில் இருக்கிறாய். உங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் சம பங்கு என்றால் 4,500 பவுணைத் தாண்டும் எந்த வேலைக்கும் இந்த நோட்டீஸ் வேண்டும். ஏஜென்ட் அதை மறந்தால் நட்டம் யாருக்கு? உங்கள் கம்பெனிக்கு வேறு வருமானம் கிடையாது. வேலை செய்தவருக்குக் கொடுக்கக் காசில்லாமல் நிற்பீர்கள். விலக்குக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நோட்டீஸ் கொடுக்காததால் வீட்டுக்காரருக்கு உண்மையில் என்ன பாதிப்பு வந்தது என்றுதான் பார்க்க வேண்டும் என்று 2013 இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு விலக்குக் கிடைப்பது முன்னைவிட இலகு. ஆனாலும் அதை நம்பி ஒரு கட்டடத்தை நடத்தாதே.

அப்புறம் நாங்களும் ரைட் டு மேனேஜ் எடுத்தோம். நாங்களே தெரிந்தெடுத்த முதல் ஏஜென்ட்டில்தான் பெரிய பிழை விட்டோம். குறைந்த விலை, இனிமையான பேச்சு. நேர்முகத்துக்கு வந்த மனிதரை அதற்குப் பிறகு நாங்கள் காணவே இல்லை. இரண்டு வருடத்தில் நாலு ப்ராப்பர்ட்டி மேனேஜர் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் தண்ணீர்த் தொட்டி அறையின் சாவி எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்று விலகியபோது, பெரிய வேலைகளுக்கென்று சேர்த்து வைத்த எங்கள் ரிசர்வ் ஃபண்ட் கைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. பல கட்டடங்களின் காசையும் ஒரே வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்தார்கள், எது யாருடையது என்று பிரிக்கவே அவர்களுக்கு அவ்வளவு காலம் எடுத்தது. அந்த ஏழு மாதமும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

அதனால் நான் முதலில் கேட்கச் சொல்வது காசைப் பற்றி. கட்டடச் செலவுக்கு எல்லோரும் கட்டும் சர்வீஸ் சார்ஜ் காசு வீட்டுக்காரருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்பட வேண்டியது. அதே பெயரில் 1987 இல் வந்த இன்னொரு சட்டத்தின் 42ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. கோயில் உண்டியல் காசு மாதிரித்தான். உங்கள் கட்டடத்தின் பெயரிலேயே தனிக் கணக்கு வேண்டும், மாதாமாதம் அதன் ஸ்டேட்மென்ட் டைரக்டர்களுக்கு வர வேண்டும் என்று கேள். தயங்குகிறவரை விட்டுவிடு.

அடுத்தது, எங்கள் கட்டடத்தைப் பார்க்கப்போகிற ஆள் யார், அவரிடம் இப்போது எத்தனை கட்டடம் இருக்கிறது, எத்தனை வருடம் அங்கே வேலை செய்கிறார் என்று கேள். விற்பனைக்கு வருகிறவருடன் கதைத்து முடிவெடுக்காதே, அந்த ஆளையே கூட்டத்துக்கு வரச் சொல். இந்த நாட்டில் மேனேஜிங் ஏஜென்ட்டாக இருக்க உரிமம் எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை. தகுதியும் உரிமமும் வேண்டும் என்று, அரசாங்கம் அமைத்த, பெஸ்ட் பிரபு தலைமையிலான குழு 2019 இலேயே பரிந்துரைத்தது. 2014 அக்டோபரிலிருந்து கட்டாயமாக இருப்பது, அங்கீகரிக்கப்பட்ட குறைதீர்க்கும் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும். ஆகவே இந்தத் தொழில்காரரின் சங்கமான ப்ராப்பர்ட்டி இன்ஸ்டிட்யூட்டில் அங்கத்துவம் இருக்கிறதா என்று பார். அது உத்தரவாதம் ஆகாது, ஆனால் பரீட்சை எழுதிய ஆட்கள் இருக்கிறார்கள் என்றாவது தெரியும்.

கட்டடக் காப்புறுதியில் அவர்களுக்குக் கமிஷன் எவ்வளவு என்று வெளிப்படையாகக் கேள். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதே. துப்புரவுக்கும் திருத்த வேலைக்கும் தங்கள் சொந்தக் கம்பெனியையே அனுப்புவார்களா என்றும் கேட்டுக்கொள்.

அவர்கள் நிர்வகிக்கும் ஒரு கட்டடத்தின் முகவரி வாங்கி, சொல்லாமல் போய்ப் பார். வரவேற்பு மண்டபத்தை எல்லோரும் துடைத்து வைப்பார்கள். நீ குப்பை அறையைப் பார், மீற்றர் பெட்டி இருக்கும் அலுமாரியைப் பார், அறிவிப்புப் பலகையில் கடைசித் தேதி என்ன என்று பார். வாசலில் வருகிற ஒருவரிடம் இரண்டு நிமிடம் கதை. நாங்கள் இப்போது வைத்திருக்கும் ஏஜென்ட்டை அப்படித்தான் பிடித்தோம். பால் வாங்கிக்கொண்டு வந்த ஒரு மனிதர், லிஃப்ட் நின்றால் அன்றைக்கே ஆள் வரும் என்றார். அந்த ஒரு வசனம் எனக்கு எந்த விளம்பரப் புத்தகத்தையும் விடப் பெரிதாக இருந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாக வாசி. 12 மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் எந்த வீடாவது வருடத்துக்கு 100 பவுணுக்கு மேல் கட்ட வேண்டி வந்தால் அதற்கும் செக்ஷன் 20 நோட்டீஸ் வேண்டும். அதனால் ஒரு வருடம் என்றே எழுதுவார்கள். ஆனால் நடுவிலுள்ளவரின் தாளில், ஒரு வருடம், அதன் பிறகு மூன்று மாத நோட்டீஸ் கொடுக்கும் வரை தொடரும் என்று இருக்கிறது. இதே மாதிரி வசனத்தை 2018 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 12 மாதத்துக்கு மேற்பட்டது என்றே தீர்த்தது. கையெழுத்துப் போட முன்னர் அதை மாற்றச் சொல். உடனே புரிந்துகொண்டு மாற்றினால் அவருக்குத் தொழில் தெரியும் என்று எடுத்துக்கொள்.

வேலை தொடங்கிய பிறகு ஏஜென்ட்டிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மறந்திருக்க முடியாது. கூலிக்கு ஆள் வைத்தாலும் பொறுப்பு டைரக்டர்களிடம்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அந்த மேனேஜருடன் கூரையிலிருந்து நிலவறை வரை நடந்து பார். உங்கள் கட்டடம் 11 மீட்டருக்கு மேல் உயரம் என்றால் பொது இடங்களின் தீத்தடுப்புக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும், வீட்டு வாசல் கதவுகளை வருடத்துக்கு ஒரு தரம். இது 2023 ஜனவரியில் வந்த விதி. லண்டனில் கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடி தீப்பற்றி 72 பேர் போன பிறகுதான் இவையெல்லாம் இறுகின. அந்த ஜூன் இரவை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆகவே தீ ஆபத்து மதிப்பீட்டை ஏஜென்ட் செய்துவிட்டார் என்று கேட்டுத் திருப்திப்படாதே. தாளை வாங்கி, அதில் செய்யச் சொன்ன ஒவ்வொன்றும் முடிந்ததா என்று பார். லிஃப்ட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் முழுப் பரிசோதனை, அதன் அறிக்கையும் உன் கோப்பில் இருக்கட்டும்.

பில்கள் தாமதமாகவும் விடாதே. செலவாகி 18 மாதத்துக்குள் கேட்காவிட்டால், அல்லது அந்தச் செலவு ஆனது என்று எழுதியாவது அறிவிக்காவிட்டால், அந்தக் காசு போனதுதான்.

யாராவது சர்வீஸ் சார்ஜ் கட்டாவிட்டால் நீ போய்க் கதவைத் தட்டாதே. நாளைக்கும் அதே படிக்கட்டில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதை ஏஜென்ட் எழுத்தில் செய்யட்டும். அந்த மேனேஜருடனும் மரியாதையாக இரு. நாள் முழுக்க ஏச்சு வாங்குகிற வேலை அது. நல்ல வேலை செய்தால் நன்றி என்று ஒரு வரி எழுது. ஏதாவது நடக்க வேண்டுமென்றால் ஒரே ஆள் எழுதட்டும், நாலு டைரக்டரும் நாலு விதமாக மெயில் போட்டால் எந்த நல்ல மனிதரும் ஓடிப்போவார்.

என் மனம் நடுவிலுள்ள 240காரர் பக்கம்தான் சாய்கிறது, அந்த வசனத்தை மாற்றினால். ஆனால் ஒன்று பார்க்க வேண்டும்: உங்கள் லீஸில், அதாவது வீட்டுக் குத்தகைப் பத்திரத்தில், ரிசர்வ் ஃபண்ட் சேர்க்க அனுமதி இருக்கிறதா? இல்லையென்றால் அவர் போட்டிருக்கும் பட்ஜெட்டில் அந்த வரியையே கேட்க முடியாது. சர்வீஸ் சார்ஜ் பற்றிய அட்டவணைப் பக்கங்களை ஸ்கேன் பண்ணி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலுக்குப் போன பிறகு வீடியோவில் வா, வரிக்கு வரி சேர்ந்து வாசிப்போம்.

அன்புடன்,
அம்மா