குழியை விட்டு வண்டிகள் போகும் முன்

அன்புள்ள பாப்பா,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. சரளை தோண்டி முடித்த குழியைச் சீரமைக்கும் உன் வேலையைப் பற்றிப் போன தடவை போனில் பேசும்போது, "கடைசிப் பகுதியைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்கச் சொல்றாங்கப்பா" என்றாய். யார் சொல்கிறார்கள் என்று கேட்பதற்குள் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாய். அதற்கப்புறம் உன்னிடமிருந்து சத்தமே இல்லை. சரி, நான் எதுவும் கேட்கவில்லை. மண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மண் தள்ளும் டோசர் வண்டியை ஓட்டி உன்னைப் படிக்கவைத்தவன், அதைப் பேச எனக்கு உரிமை உண்டு.

மேல்மண்ணை நீ ஒழுங்காகத்தான் வைத்திருப்பாய். அடிமண்ணோடு கலக்காமல், குவியலை 2 மீட்டருக்கு மேல் ஏற்றாமல், மேலே புல் விதைத்து வைத்திருப்பதாகப் போன வருஷம் சொன்னாய். உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றுப் போகாமல் மண்ணில் இருக்கும் உயிர் செத்துப்போகும் என்பது எனக்கு வண்டி ஓட்டித் தெரியும். வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சையைப் பற்றி நீ சொல்லித்தான் தெரியும். ஒரு பக்கம் வழித்த மண்ணைக் குவிக்காமல் தோண்டி முடித்த பக்கத்தில் அன்றைக்கே பரப்புவதுதான் நல்லது என்று நீ வாதாடி ஜெயித்ததை இங்கே வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது? வருஷக்கணக்காக டிப்பர் ஓடிய குழித்தரை சிமெண்ட் தளம் மாதிரி இறுகிப்போயிருக்கும். அதை டோசருக்குப் பின்னால் மாட்டும் இரும்புக் கொழுவான ரிப்பர் போட்டு ஆழமாக உடைக்காமல் மேலே மண்ணைப் பரப்பினால் முதல் மழைக்கு எல்லாம் பச்சையாகத்தான் வரும். பார்க்க வருகிற அதிகாரியும் அந்தப் பச்சையைத்தான் படம் எடுப்பார். வேர் ஒரு சாண் இறங்கித் தரையில் முட்டி, பக்கவாட்டில் திரும்பும். மழைத்தண்ணீரும் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கும், இல்லாவிட்டால் மண்ணை வாரிக்கொண்டு ஓடும். அடுத்த வறட்சி வந்தால் செடி கருகிவிடும். அப்போது உடைக்கலாம் என்றால் பரப்பிய மேல்மண்ணையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்ள வேண்டியதுதான். உடைக்கும்போது சரிவுக்குக் குறுக்காக ஓட்டச் சொல். மேலிருந்து கீழே ஓட்டினால் ஒவ்வொரு சாலும் ஓடையாகிவிடும். மண் ஈரமாக இருக்கும் நாளில் வண்டியை இறக்கவே விடாதே.

குளமாக விடப்போகும் பக்கத்தைப் பற்றியும் சொல்கிறேன். கரை 3 மீட்டர் போனால் 1 மீட்டர்தான் இறங்க வேண்டும். அந்தச் சரிவு தண்ணீர் விளிம்போடு நின்றுவிடக் கூடாது, தண்ணீருக்குள்ளும் கொஞ்ச தூரம் போக வேண்டும். காகிதத்தில் மேல்சரிவை மட்டும் காட்டினால் போதும் என்று சொல்வார்கள், கேட்காதே. சின்னப் பிள்ளை கால் வைத்தால் அடுத்த அடியும் தரையில்தான் பட வேண்டும். இதை நான் ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும், அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே. சரளை கழுவிய சேறு விடும் குட்டையும் அப்படித்தான். மேலே காய்ந்து வெடித்திருக்கும், ஆள் நின்றால் உள்ளே இழுக்கும். நன்றாக இறுகும் வரை வேலி வேண்டும்.

பெரியம்மா கிணறு வற்றியது நினைவிருக்கிறதல்லவா? குழியிலிருந்து தண்ணீரை இறைத்துக் கொட்டினால் சுற்றியுள்ள நீர்மட்டமும் சேர்ந்து இறங்கும். பம்பை நிறுத்திவிட்டோம் என்பதோடு வேலை முடியாது. நீர்மட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று கண்காணிப்புக் குழாய்களில் தொடர்ந்து அளக்க வேண்டும். சரளை தண்ணீரை வேகமாக விடுகிற அடுக்கு, அதே வேகத்தில் டீசலையும் விடும். மேல்மண்ணை எடுத்துவிட்டால் நடுவில் தடுக்க எதுவும் இல்லை. டீசல் நிரப்பின இடத்து மண்ணைத் தோண்டி எடுத்து, சோதித்துப் பார்த்த பிறகே மூடச் சொல்.

படிக்கிற காலத்தில் ஒரு படம் கொண்டுவந்து காட்டினாயே, இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கத்தில் அட்டன்பரோ. சரளை தோண்டிய குழிகள், 1966இல் இயற்கைக் காப்பிடமாகத் திறந்தார்கள் என்றாய். "ஒரு குழியை இப்படி ஆக்கிட்டுத்தான்ப்பா வருவேன்" என்று சொன்னாய். உலகத்தில் வருஷத்துக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் எடுக்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2022இல் சொன்னதை நீதான் எனக்கு வாசித்துக் காட்டினாய். அவ்வளவு குழியையும் நீ பார்க்க முடியாது. உன் பொறுப்பில் இருப்பது ஒன்று.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், சீரமைப்பு முடிந்தது என்று ஒரு காகிதம் போனது. ஒழுங்காகச் சீரமைப்போம் என்பதற்கு உறுதியாகக் கட்டியிருந்த பிணைத்தொகை திரும்பி வந்தது. அடுத்த வாரமே டோசரும் ரிப்பரும் வேறு குழிக்குப் போய்விட்டன. இரண்டு மழைக்குப் பிறகு ஒரு பக்கக் கரை சரிந்தது. ஊர்க்காரர்கள் வந்து கேட்டபோது வேலை வாங்கியவர்கள் யாருமே இல்லை. காகிதத்தில் பெயர் இருந்த பையன் மட்டும்தான் மாட்டினான். நல்ல பையன். உன் வயதுதான் இருக்கும்.

பிணைத்தொகை அங்கே இருக்கும் வரைதான் உன் பேச்சுக்கு மதிப்பு. வண்டி குழிக்குள் நிற்கும்போதே தரையை உடைத்துவிடு. குச்சி ஒன்றை எடுத்துப்போய் நீயே பல இடத்தில் குத்திப் பார். அரை அடியில் நின்றுவிட்டால் இன்னும் உடைக்கவில்லை என்று அர்த்தம். யார் அவசரப்படுத்தினாலும் சரி, முதலில் ரிப்பர் ஓடட்டும்.

இருமல் எப்படி இருக்கிறது? கல் உடைக்கும் கிரஷர் பக்கம் போனால் மாஸ்க் இல்லாமல் போகாதே. கல்தூசியில் இருக்கும் சிலிக்கா புற்றுநோய் உண்டாக்கும் என்று 1997லேயே சொல்லிவிட்டார்கள். தூசியை அடக்கத் தண்ணீர் லாரி ஓடுகிறது என்று நம்பி நிற்காதே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. சீரமைப்பு முடிந்தது என்று நீ கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் உன் மேசையில் இருக்கிறதா, போய்விட்டதா என்று நான் கேட்கமாட்டேன். போயிருந்தால் திரும்பக் கேட்டு வாங்க வழி இருக்கும், அதற்கு என்ன எழுதலாம் என்று சேர்ந்து யோசிப்போம். வேலை போனாலும் பரவாயில்லை, வீடு இருக்கிறது.

அன்புடன்,
அப்பா