முதல் வெந்நீர் துப்பாக்கிக்கு

பாப்பா,

நீ மியூசியத்திலிருந்து அனுப்பிய போட்டோ வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பழைய துப்பாக்கியைப் பார்த்ததும் என் வலது தோள்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டது, அத்தனை இடி வாங்கிய தோள். "தாத்தா வைத்திருந்தது இதுதானாப்பா" என்று கேட்டிருந்தாய். இதே ஜாதிதான். அங்கே லீ-என்ஃபீல்டு என்று எழுதியிருப்பார்கள், எங்களுக்கு அது திரி நாட் திரி. குழல் விட்டம் 0.303 அங்குலம், அதனால் வந்த பெயர்.

பக்கத்துப் பலகையில் நிமிடத்துக்கு 15 குண்டு என்று பெருமையாகப் போட்டிருப்பதையும் பெரிதாக்கிப் படித்தேன். பொய்யில்லை. முதல் உலகப் போருக்கு முன்னால் பிரிட்டிஷ் சிப்பாய்களை அப்படித்தான் பழக்கினார்கள், 300 கஜத்தில் இலக்கு வைத்து. மேகசினில் 10 தோட்டா. ஐந்து ஐந்தாகக் கிளிப்பில் வைத்து மேலிருந்து கட்டை விரலால் அழுத்தினால் சரசரவென்று இறங்கிவிடும். ஆனால் இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போன தாத்தா எத்தனை சுட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சின்ன வயதில் நான் நச்சரித்திருக்கிறேன், யாரையாவது சுட்டீங்களாப்பா என்று. பர்மா காட்டில் 15 கஜத்துக்கு அப்பால் எதுவும் தெரியாதுடா என்பார், அதோடு சரி. அவரிடமிருந்து வந்ததெல்லாம் வெந்நீர்க் கதைதான்.

அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றவைப்பு மருந்து எரிந்ததும் குழலுக்குள் உப்பு மாதிரி ஒரு கசடு படியும். மாதிரி என்ன, உப்பேதான். ஈரக்காற்றை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் சுட்ட அன்றைக்கே கொதிக்கக் கொதிக்க வெந்நீரைக் குழல் வழியாக ஊற்ற வேண்டும், அந்தச் சூட்டிலேயே உள்ளே ஈரம் காய்ந்துவிடும், அப்புறம் கயிற்றில் துணித் துண்டைக் கோர்த்து இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்து, கடைசியில் எண்ணெய். கயிறும் எண்ணெய்க் குப்பியும் வைக்கத் துப்பாக்கியின் பின்கட்டை அடியிலேயே ஒரு பொந்து உண்டு, சின்னப் பித்தளை மூடி போட்டது. பர்மா மழையில் ஒரு ராத்திரி சோம்பல்பட்டால் காலையில் குழல் சிவந்திருக்குமாம். காய்ந்த விறகு கிடைக்காத இடத்தில் ஒரு டின் தண்ணீர் கொதிப்பதே பெரும்பாடு. முதல் வெந்நீர் துப்பாக்கிக்கு, மிச்சம் டீக்கு. அவர்கள் செக்‌ஷனில் அதுதான் சட்டம். ரிட்டயராகி முப்பது வருஷம் கழித்தும் பாட்டி காபிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தால் "துப்பாக்கிக்கு ஊத்தியாச்சா" என்று திண்ணையிலிருந்து குரல் வரும்.

இத்தனைக்கும் அவர் காலாட்படைக்காரர் இல்லை, மதராஸ் சாப்பர்ஸ், பாலம் கட்டுகிற ஆள். வேலூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தவர். துண்டு துண்டாகக் கொண்டுபோய்ப் பூட்டுகிற பெய்லி பாலத்தின் ஒரு இரும்புச் சட்டம் 260 கிலோ. ஆறு பேர் தடி கொடுத்துத் தூக்க வேண்டும். நாலு கிலோ துப்பாக்கி அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைப்பாய், ஆனால் அவருக்குப் பாரமாக இருந்தது இதுதானாம். சட்டத்தை இறக்கி வைத்துவிடலாம், இதை எங்கே வைத்தோம் என்று மறந்தால் கோர்ட் மார்ஷல்! பர்மாவின் சிந்த்வின் ஆற்றின் மேல் காலேவாவில் 1944 டிசம்பரில் போட்ட பாலம் 1,154 அடி. அதைத் தாண்டியபோதுகூட ஆற்றைப் பார்க்காமல் தோள்வாரைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன் என்பார்.

1984-ல் நான் போலீஸ் ஆயுதப்படையில் சேர்ந்தபோது என் கையில் கொடுத்ததும் இதையேதான். சண்டை முடிந்து கிட்டத்தட்ட 40 வருஷம்! முதல் லீவில் வந்து பெருமையாகச் சொன்னேன். எப்படிச் சுட்டாய் என்று கேட்கவில்லை மனிதர். "வெந்நீர் குடுக்கறாங்களா?" என்றார். தோட்டாவெல்லாம் மாறிவிட்டதப்பா, இப்போது எண்ணெயும் துணியும்தான் என்றேன். அவர் நம்பவில்லை. நான் திரும்பிப் போகும்போது பையில் ஒரு சின்னப் புனல் இருந்தது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020-ல்தான் இதற்கு விடை கொடுத்தது, தாத்தா இருந்திருந்தால் அவர்களுக்கும் புனல் அனுப்பியிருப்பார்.

சரி, ஒரு வேலை செய். உன் போட்டோவில் இடது பக்கம்தான் தெரிகிறது. வலது பக்கம், போல்ட் கைப்பிடிக்குக் கொஞ்சம் பின்னால், மரம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு இரும்புப் பட்டை இருக்கும். அதில் கிரீடம் போட்டு, கீழே செய்த இடமும் வருஷமும் பொறித்திருப்பார்கள். என்ஃபீல்டு என்று இருந்தால் அந்த ஊர்ச் சரக்கு. ஜி.ஆர்.ஐ. என்று ராஜா ஜார்ஜின் முத்திரை எழுத்துப் போட்டு இஷாப்பூர் என்று இருந்தால் வங்காளத்தில் நம் ஆட்கள் செய்தது, தாத்தா கையில் இருந்ததும் அதுதான். பெட்டியைச் சுற்றிப் போய்ப் பார்க்க வழி இருக்கிறதா என்று அங்கே நிற்பவரிடம் கேள். அப்படியே அந்தப் பித்தளை மூடியையும் கிட்டத்தில் ஒரு போட்டோ எடு, யாராவது எண்ணெய் போடுகிறார்களா என்று பார்க்கிறேன்.

அம்மா பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறாள், வந்ததும் போன் பண்ணு.

அப்பா