திமிங்கலத்தின் மூதாதையர் ஓநாயினத்தவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திமிங்கலங்களின் தோற்றம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, அவை ஓநாய் போன்ற ஊனுண்ணிகளின் வழிவந்தவை என்ற பழைய கருத்தையே கூறியிருந்தது வருத்தமளிக்கிறது. பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கலங்களின் கணுக்கால் எலும்புகள், இரு முனைகளிலும் கப்பி போன்ற வடிவம் கொண்டிருப்பது 2001-இல் தெரியவந்த பிறகு, அத்தகைய எலும்பைக் கொண்ட மான், பன்றி, நீர்யானை ஆகியவை அடங்கிய இரட்டைக் குளம்பிகளே அவற்றின் உறவினர் என்பது உறுதியாகிவிட்டது.

கட்டுரையில் விடுபட்ட மற்றொரு செய்தி, நம் நாட்டைச் சார்ந்தது. ஜம்மு பகுதியிலுள்ள கலாகோட்டில் நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் திரட்டிய பாறைகள், அவரது மறைவுக்குப் பின் அவர் மனைவியின் வழியாக தொல்லுயிரியலாளர் ஹான்ஸ் தேவிசனுக்குக் கிடைத்தன. அவற்றிலிருந்த ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்கையில் காதெலும்பு தற்செயலாக உடைந்தபோது, திமிங்கலங்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட தடித்த உட்சுவர் அதில் காணப்பட்டது. ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பூனையைவிடச் சற்றே பெரிய இந்தோஹையஸ் என்னும் அந்தக் குளம்பு விலங்கின் கால் எலும்புகளும், நீருக்குள் மிதந்துவிடாமல் நடப்பதற்கு ஏற்றவாறு, நீர்யானையினுடையதைப் போலக் கனத்திருந்தன. 2007-இல் வெளியான இந்த ஆய்வையும், கட்ச் பகுதியில் கிடைத்துள்ள ஆதித் திமிங்கலப் புதைபடிவங்களையும் விளக்கி, மாணவர்கள் படிக்கும் வகையில் ஒரு கட்டுரை வெளியிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி