எண் 22-க்கு ஒரு பெயர் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்துச் சாலையை அகலப்படுத்தும் பணி பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நான்கு இடத்தில் 'எஸ்.எச். 22', அதாவது மாநில நெடுஞ்சாலை எண் 22, என்று வருகிறது. சாலையின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. நிருபரைக் குறை சொல்ல மாட்டேன். குத்தாலம் கடைத்தெருவில் நின்று கேட்டாலும் மேற்கே போவது கும்பகோணம் ரோடு, கிழக்கே போவது மாயவரம் ரோடு என்பார்கள், அவ்வளவுதான். மாயவரத்தைத் தாண்டினால் அதே சாலை பூம்புகார் ரோடு ஆகிவிடும். திருவையாற்றுக்காரருக்கு அது கல்லணை ரோடு. ஆளுக்கு ஒரு துண்டு.

அரசு ஏடுகளில் இதற்கு முழுப் பெயர் உண்டு: கல்லணை–காவிரிப்பூம்பட்டினம் சாலை. பூம்புகார் என்று சுருக்காமல் காவிரிப்பூம்பட்டினம் என்று நீட்டி எழுதிய அந்தக் கால எழுத்தர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் அணையில் தொடங்கி, சோழர்களின் துறைமுகத்தில் போய் முடிகிற சாலை. இடையில் திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம், திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, செம்பனார்கோயில், மேலையூர். மொத்தம் 120 கிலோமீட்டருக்கு முன்பின் இருக்கும். ஊர்ப் பெயர்களை இந்த வரிசையில் சொல்லிப் பாருங்கள், காவிரி எப்படி இறங்குகிறதோ அப்படியே வரும். ஆறு தன் போக்கில் கொஞ்சம் விலகும், சாலை கொஞ்சம் விலகும், மறுபடி ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொள்ளும்.

கல்லணையில் நீர் நான்காகப் பிரிகிறது. கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, அப்புறம் 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த புது ஆறு. இந்த நாலில் காவிரியோடு கடைசி வரை வருவது நம் சாலை. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1980-களில் எங்களுக்குக் கடைமடைப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. மேட்டூரில் ஜூன் 12 திறந்தார்கள் என்று ரேடியோ சொல்லிவிடும். அதன் பிறகு தண்ணீர் எங்கே வருகிறது என்பதை யார் சொல்வது? கும்பகோணத்திலிருந்து வரும் பஸ் கண்டக்டர்தான் சொல்வார். ஒரு கையால் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "தண்ணி திருவையாறு தாண்டிடுச்சாம்", மறுநாள் "குடந்தைப் பாலத்துல முழங்காலுக்கு ஓடுது" என்பார். அப்பா அந்தக் கணக்கை வைத்துத்தான் நாற்றங்காலுக்கு விதை ஊற வைப்பார். பஸ் சில மணி நேரத்தில் கடக்கிற தூரத்தை ஆறு நாள்கணக்கில் கடந்து வரும். மேலையூர்க் கடையணைக்கு நீர் வந்து சேர்ந்த அன்று நெல்லும் பூவும் தூவி வரவேற்பார்கள். அதற்குக் கீழே கடல்தான்.

சாலையோரத்துத் தொழில்களும் ஆற்றை ஒட்டி வந்தவைதான். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின் மேல் பூசுவது காவிரி வண்டல். அந்த மண்ணில்தான் நகை மடிப்பு வரை அச்சு விழும் என்பார்கள். ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. 'ஆடுதுறை 36', 'ஆடுதுறை 43' என்று தமிழ்நாட்டில் பல ஜில்லாக்காரர்கள் வாயில் புரளும் ஊர்ப் பெயர் இந்தச் சாலையில் ஒரு நிறுத்தம். திருபுவனம் பட்டைப் பற்றி உங்கள் பெண் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி கடைசி நாளில், கடைமுழுக்கு அன்று, மாயவரத்துக் காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்துக்கு நீராடப் போகிற கூட்டமும் இதே வழிதான். தாமதமாக வருகிறவர்களுக்கு மறுநாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு இருக்கிறது. சாலை வேலை நடக்கிற இப்போது அது ரொம்பவே உபயோகம்.

சாலையின் வயதைப் பற்றி ஒன்று. தார் போட்டது, கப்பி போட்டது எல்லாம் பிற்காலம். கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுக் காவிரியின் வடகரையோடு மேற்கே நடந்தார்கள் என்பது சிலப்பதிகாரக் கதை. நம் சாலைக்குக் கல்லணைதான் பூஜ்யம். கிலோமீட்டர் கல் கடலை நோக்கி ஏறும். அவர்கள் நடந்தது எதிர்த் திசை. இதே தடத்தில்தான் நடந்தார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை, கரையோரப் பாதை என்ற அளவில் சொல்கிறேன். கொஞ்ச தூரத்திலேயே கால் ஓய்ந்து, மதுரை எங்கே என்று அவள் கேட்கிறாள். முப்பது காதம் என்று சொல்ல மனம் வராமல் 'ஆறைங்காதம்' என்கிறான் கோவலன்; ஆறைந்து முப்பது. ஆறோ ஐந்தோ என்று காதில் விழட்டும் என்றுதான் அப்படிச் சொன்னான் என்பார் எங்கள் தமிழ் வாத்தியார். மைல்கல் இல்லாத காலத்தில் பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த வசதி இருந்திருக்கிறது.

மைல்கல்லைச் சொல்லத்தான் இவ்வளவும். குத்தாலத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவே, ஒரு மதகுக் கட்டையை ஒட்டி, கருங்கல்லில் வெட்டிய பழைய மைல்கல் ஒன்று நின்றது. பச்சைத் தலையோடு இப்போது நடுகிற சிமெண்ட் கல் இல்லை. மயிலாடுதுறை என்று பெயர் மாறியது 1982-ல். இது அதற்கெல்லாம் வெகு முந்தையது. ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே 'மாயவரம்', அதன் கீழே தமிழ் எண்ணில் ௪. பள்ளிக்கூடம் போகும்போது அந்த ௪-ஐ 'ச' என்று படித்து 'மாயவரம் ச' என்று சிரிப்போம். வாத்தியார்தான் அது நான்கு என்று சொல்லிக் கொடுத்தார். தமிழ் எண் எனக்கு அறிமுகமானது புத்தகத்தில் அல்ல, அந்தக் கல்லில்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். மதகு இடிபட்டிருந்தது, அகலப்படுத்தும்போது இடிக்கத்தான் வேண்டும். மூன்று புளியமரம் போயிருந்தது, அதற்கும் பதிலாகக் கன்று நடுவதாகச் சொன்னார்கள், நடட்டும். கல்லைக் காணோம். வேலை பார்த்த பையனைக் கேட்டேன். "எந்தக் கல்லு தாத்தா? பொக்லைன் தள்ளினதுல போயிருக்கும்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனிடம் கொடுத்த வரைபடத்தில் மின்கம்பம் இருக்கும், குழாய் இருக்கும், கல் இருக்காது.

அகலப்படுத்த வேண்டாம் என்று எழுதவில்லை. திருவிடைமருதூர்ப் பக்கம் எதிரே வரும் நெல் லாரிக்கு ஒதுங்கி வாய்க்காலில் சக்கரம் இறங்கியவன் நான்; சாலை அகலமாகட்டும். கேட்பது சின்ன விஷயம். புதிதாக வைக்கிற பச்சைப் பலகைகளில் எண்ணுக்குக் கீழே 'கல்லணை–காவிரிப்பூம்பட்டினம் சாலை' என்று ஒரு வரி எழுதுங்கள், பெயிண்ட் செலவு பெரிதாக ஆகாது. இன்னும் தோண்டாத பகுதியில் இப்படிப்பட்ட பழைய கல் நின்றால், தள்ளுவதற்கு முன் ஓரமாக எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் புது விளிம்பில் நட்டுவிடுங்கள். உங்கள் நாளிதழும் இனி எஸ்.எச். 22 என்று எழுதும்போது பக்கத்தில் பெயரையும் சேர்த்தால் நன்றாயிருக்கும்.

எங்கள் கல் கிடைத்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கிருந்து அரை கிலோமீட்டரில் உள்ள டீக்கடைக்குப் பின்னால், பாத்திரம் துலக்கும் இடத்தில் படுக்கை வாக்கில் கிடக்கிறது. 'மாயவரம்' மண்ணில் புதைந்திருக்கிறது, ௪ மட்டும் மேலே தெரிகிறது. கடைக்காரர் நல்ல மனிதர். "எடுத்துட்டுப் போங்க சார், நான் வேற கல்லு போட்டுக்கிறேன்" என்கிறார். நாலு ஆளும் ஒரு டாட்டா ஏஸும் போதும். அதை மறுபடி எங்கே நடலாம் என்று அளந்து சொல்ல, சாலை வேலையில் இருப்பவர் ஒருவர் வந்தால் ஆகிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குத்தாலம், மயிலாடுதுறை மாவட்டம்.