ஒழுகும் ஏர்கோனுக்கு இனியும் வாயு நிரப்ப வேண்டாம்: மண்டபச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் ஆலயத் திருமண மண்டபத்தின் குளிர்சாதனங்களைப் பற்றி நான் எழுதும் மூன்றாவது மடல் இது. முதல் இரண்டும் தங்கள் கைக்கு வந்து சேர்ந்தன என்று செயலாளரே என்னிடம் சொன்னதால், அவற்றில் உள்ளதை மறுபடியும் எழுதித் தங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். சென்ற சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லியாக வேண்டும். அப்போது செயலவையினர் ஒருவரும் அங்கில்லை.

மண்டபத்தின் எட்டு வெளிப்புறப் பெட்டிகளும் சமையற்கட்டை ஒட்டிய ஒடுங்கிய நடையில்தான் இருக்கின்றன என்பது தாங்கள் அறிந்ததே. தாங்கள் அனுப்பிய பழுதுபார்ப்பவர் கசிவு எங்கே என்று தேடவில்லை. குழாயில் எஞ்சியிருந்த ஆர்-22 என்னும் குளிரூட்டும் வாயுவை மீட்புக் கலனில் பிடிக்கவும் இல்லை. திருகைத் திறந்து, இருந்த வாயுவை எல்லாம் நடையிலேயே விட்டுவிட்டுப் புதிதாக நிரப்பத் தொடங்கினார். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து சமையற்கட்டுக்குள் போனது. அங்கே அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. நெருப்பைத் தொட்டால் ஆர்-22 சிதைந்து நச்சுத்தன்மை கொண்ட அமில ஆவியாகும். நாற்பது ஆண்டுகளாக நம் விசேஷங்களுக்குக் கூலி வாங்காமல் காய் நறுக்கித் தரும் அம்மா, வழக்கம்போல் தரையில் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்தார். நின்றிருந்தவர்களுக்குத் தொண்டை கமறியது. தரையில் இருந்த அவருக்கோ கண்ணைத் திறக்கவே முடியவில்லை. நான் கையைப் பிடித்துத் தூக்கியபோது, "வெங்காயம்தான் தம்பி, ஒன்றுமில்லை" என்றார். அவர் மடியில் இருந்தது பூசணிக்காய். யார் மீதும் பழி வந்துவிடக் கூடாது என்று நினைத்தாரோ, உண்மையிலேயே புரியவில்லையோ, தெரியாது. மாலைவரை இருமிக்கொண்டிருந்தார்.

நான் பினாங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏர்கோன் பழுதுபார்த்தவன். தொழில் கற்ற காலத்தில் நானும் இப்படித்தான் வாயுவை வானத்தில் விட்டேன். எங்களுக்குச் சொல்வார் இல்லை. இன்று அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. வேண்டுமென்றே வாயுவை வெளியே விடுவதை மலேசியச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழுள்ள ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. வாயுவை முறையாகக் கையாள்வதற்கான பயிற்சியும் சான்றிதழும் இருக்கின்றன. அழைக்கும்போதே அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை.

தாங்கள் கவனிக்க மறுக்கும் அடிப்படை ஒன்று உண்டு. ஏர்கோன் வாயு என்பது பெட்ரோலைப் போல் ஓடஓடத் தீர்ந்துபோகும் பொருளன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது அது. குறைந்தால், ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். தைப்பூசத்திற்குப் பின் மூன்று முறை, முறைக்கு ஏறத்தாழ 2 கிலோ என்று நிரப்பியிருக்கிறோம். ஒரு கிலோ ஆர்-22, நூறாண்டுக் கணக்கில், ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் பூமியைச் சூடாக்குகிறது. ஓசோன் படலத்தை அரிப்பது தனி. 6 கிலோவுக்குக் கணக்குப் போட்டால், 4,500 லிட்டருக்கு மேல் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். ஓசோனைக் காக்க உலக நாடுகள் செய்துகொண்ட மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, பழுதுபார்ப்புக்கான சிறு பங்கு நீங்கலாக, நம்மைப் போன்ற வளரும் நாடுகள் 2030க்குள் இவ்வகை வாயுவைக் கைவிட வேண்டும். எனவே ஒழுகும் பெட்டிக்கு இனியும் வாயு நிரப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்கிறேன்.

இந்நிலையில், பாயான் லெப்பாஸில் மூடப்படும் ஓர் அலுவலகத்திலிருந்து ஆறு பழைய ஏர்கோன்களை மலிவாக வாங்கப் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். அவற்றில் நான்கு ஆர்-22. மற்ற இரண்டும் ஆர்-410ஏ. "410 பசுமை வாயு" என்று யாரோ தங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது ஓசோனை அரிக்காது என்பது உண்மை. ஆனால் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் 2,000 மடங்குக்கு மேல், அதாவது ஆர்-22ஐயும் மிஞ்சியது. அதனால்தான் அதே மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் 2016ஆம் ஆண்டு செய்த கிகாலித் திருத்தம் இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஏர்கோன்களில் உள்ள ஆர்-32 வாயுவுக்கு அந்த அளவு 675 மடங்கு. அதுவும் முடிவான தீர்வன்று. ஆயினும் இப்போது நம் கைக்கு எட்டுவது அதுதான். அது தீப்பிடிக்கும் என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் அஞ்சினார். இலேசாக எரியக்கூடியதுதான், ஆகவே பயிற்சி பெற்றவர் பொருத்த வேண்டும். அதைவிட எளிதில் தீப்பற்றும் சமையல் வாயு உருளைகள் ஆறு நம் சமையற்கட்டில் வரிசையாக நிற்பதையும் அவர் ஒருமுறை பார்க்கலாம். பழைய ஆர்-22 பெட்டிக்குள் ஆர்-32ஐ நிரப்பலாம் என்று எவரேனும் சொன்னால் மட்டும் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அழுத்தமும் எண்ணெயும் வேறு, அது ஆபத்து.

நிதி இல்லை என்பீர்கள். சென்ற ஆண்டு நுழைவாயிலில் வண்ண விளக்கு வளைவு வைக்க நிதி இருந்தது. குழல்விளக்கில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு 'உபயம்' என்று பெயர் எழுதித் தரும் வள்ளல்களும் நம்மிடம் இருக்கிறார்கள். வாயுவின் மீது பெயர் எழுத முடியாது என்பதால்தான் அதை மட்டும் உபயதாரர் பெயரின்றி வானத்திற்கு வழங்கிக்கொண்டிருக்கிறோம் போலும். பொதுக்கூட்டத்தில் கணக்கைவிட முறுக்குக்கு அதிக நேரம் ஒதுக்கப்படுவதைப் பற்றியும் எழுத நினைத்தேன். அதை இப்போது விடுகிறேன். கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

எட்டையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. கசியும் இரண்டை நிறுத்திவிட்டு, அவ்விடத்தில் மின்சிக்கனத்துக்கான எரிசக்தி ஆணையத்தின் ஐந்து நட்சத்திர முத்திரையுள்ள ஆர்-32 இயந்திரங்களைப் பொருத்துங்கள். மற்ற ஆறும் பழுதாகப் பழுதாக மாறட்டும். அந்தப் பழைய அலுவலகப் பெட்டிகளை வாங்க வேண்டாம். ஒழுகும் பெட்டிக்கு வாயு நிரப்பவும் வேண்டாம்.

அந்த இரண்டையும் கழற்றும் நாளைச் சொன்னால், மீட்பு இயந்திரத்தையும் கலனையும் நானே கொண்டுவந்து, எஞ்சிய வாயுவைக் கூலியின்றி இறக்கித் தருகிறேன். சமையற்கட்டில் அடுப்பு எரியாத நாளாக இருக்கட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பின், இம்முறையேனும், எழுத்தில் ஒரு பதில் அனுப்பும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மண்டபத்தின் நெடுநாள் உறுப்பினன்,
பினாங்கு