கேபிளை நிறுத்தும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கேபிளையோ டிஷ்ஷையோ நிறுத்திவிட்டு நெட்டிலேயே டிவி பார்த்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று வசூலுக்கு வருகிறவர்களிடமும் அலுவலகத்திலும் பலர் கேட்கிறீர்கள். கேபிள், பிராட்பேண்ட் இரண்டையும் நாங்களே தருவதால் இரண்டு பக்கக் கணக்கையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

வீட்டில் ஏற்கெனவே பிராட்பேண்ட் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. டிவிக்காக மட்டும் புதிதாக 399 ரூபாய்த் திட்டம் போட்டால், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து மாதம் கிட்டத்தட்ட 471 ரூபாய் ஆகிறது. செயலிக் கட்டணம் தனி. கேபிளுக்கு 300 ரூபாய் கட்டிவரும் வீட்டுக்கு இது நஷ்டம்தான். அப்படிப்பட்டவர்கள் கேபிளிலேயே இருங்கள். யாரும் பார்க்காத கட்டணச் சேனல்களை எடுத்துவிடச் சொல்லுங்கள், தொகை குறையும்.

பிள்ளைகள் படிப்புக்கோ வேலைக்கோ நெட் வைத்திருக்கும் வீட்டில் கணக்கு வேறு. கேபிளுக்கான ஆண்டுச் செலவு 3,600 ரூபாய் நின்று, செயலிகளுக்கு 1,500 ரூபாய் ஆனால் 2,100 ரூபாய் மிச்சம். ஸ்மார்ட் டிவி இல்லாமல் ஸ்டிக் (டிவியில் செருகி செயலிகளை ஓட்டும் சின்னக் கருவி) வாங்க வேண்டியிருந்தால் முதல் வருட மிச்சம் அதற்கே போய்விடும். இரண்டு டிவி உள்ள வீட்டில் படுக்கையறை இணைப்பை மட்டும் முதலில் நிறுத்துங்கள். ஹாலில் கேபிள் இருக்கட்டும்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி மட்டும் இறங்காதீர்கள். எச்டி படம் ஒரு மணி நேரம் ஓடினால் 3 ஜிபி வரை போகும். தினம் 2 ஜிபி தரும் ரீசார்ஜ் நாற்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். நாளுக்கு ஐந்து மணி நேரம் பார்க்கும் வீட்டுக்கு மாதம் 450 ஜிபி வேண்டும். உங்கள் பிராட்பேண்ட் திட்டத்தில் எத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும் என்பதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, எந்தச் சேனல் எங்கே என்ற விஷயம். பலர் ஏமாறுவது இங்கேதான். சன் டிவி, கேடிவி சீரியல்களும் படங்களும் சன் நெக்ஸ்ட் செயலியில். விஜய் டிவி ஜியோஹாட்ஸ்டாரில். ஜீ தமிழ் ஜீ5இல். மூன்றுக்கும் சந்தா கட்டி, மேலே இன்னும் இரண்டு செயலிகளைச் சேர்த்தால் கேபிளை விடச் செலவு கூடிவிடும். ஒரு வாரம் வீட்டில் உண்மையில் என்ன ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் ஒரு செயலியோ இரண்டோ போதும். மூன்று மாதத்துக்கு ஒன்று என மாற்றி மாற்றியும் எடுக்கலாம். செய்திக்குப் பணமே வேண்டாம்: புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் நியூஸ், சன் நியூஸ் எல்லாம் யூடியூபில் நேரலையாக ஓடுகின்றன. 2024 வரை பொதிகையாக இருந்த டிடி தமிழை மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் பார்க்கலாம்.

செயலி வாங்கும்போது 'மொபைல்' திட்டம் வேண்டாம். விலை குறைவு, ஆனால் டிவியில் வராது. பணம் கட்டிய பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. இன்னொன்று யுபிஐ ஆட்டோபே, அதாவது சந்தாப் பணம் தானாகவே எடுக்கப்பட நீங்கள் தரும் அனுமதி. செயலியை டிவியிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடாது. உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும். பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பு அறிவிப்பு வரும், அதைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

வேகத்துக்காக அதிகம் செலவழிக்க வேண்டாம். எச்டி படத்துக்கு ஒரு டிவிக்கு 5 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு) போதும், எச்டியை விடத் துல்லியமான 4கே என்றால் 15. மூன்று டிவி ஒரே நேரத்தில் எச்டியில் ஓடினாலும் 30 எம்பிபிஎஸ் திட்டம் தாங்கும். படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று எங்களுக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் திட்டம் அல்ல, வீட்டுக்குள் இருக்கும் வைஃபை. ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ ஷோகேஸ் உள்ளேயோ இருந்தால் சிக்னல் அங்கேயே பாதி செத்துவிடும். இரவு எட்டரை மணிக்கு, டிவி பக்கத்தில் நின்று, வைஃபையில் உள்ள போனில் வேகத்தைச் சோதியுங்கள். பிறகு ரவுட்டர் பக்கத்தில் சோதியுங்கள். ரவுட்டர் அருகே 30, டிவி அருகே 4 என்றால் எங்களிடம் பெரிய திட்டம் வாங்கிப் பயனில்லை. ஒரே அறை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். நடுவில் இரண்டு சுவர் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் எட்டும், ஆனால் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் அதிலேயே நெருக்கியடிக்கும். உறுதியான தீர்வு ரவுட்டரிலிருந்து டிவிக்கு நேராக கேட்6 என்ற நெட் வயர் ஒன்றை இழுப்பதுதான். செலவு ஒரு முறைதான், தொல்லை இருக்காது.

ஸ்டிக் அடிக்கடி தானாக அணைந்து மறுபடி ஆன் ஆனால் அதைக் குறை சொல்லாதீர்கள். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுத்திருப்பீர்கள். அது பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக்குக்கு 1 ஆம்பியர் வேண்டும். கூடவே வந்த அடாப்டரைச் சுவர்ப் பிளக்கில் போடுங்கள். டிவியின் பின்புறம் சூடாக இருந்தால் பெட்டியில் வந்த குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரையும் பயன்படுத்துங்கள்.

'எல்லா சேனலும் இலவசம்' என்று விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்களை வாங்கவே வாங்காதீர்கள். உரிய சான்று இல்லாத பாக்ஸில், பணம் கட்டிய செயலிகூட மங்கலாக 480பி அளவில்தான் ஓடும். அதைவிடப் பெரிய ஆபத்து, அவற்றில் சில தொழிற்சாலையிலிருந்தே நச்சு மென்பொருளோடு வருகின்றன. 'பேட்பாக்ஸ் 2.0' என்ற அத்தகைய ஒன்றைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பொதுமக்களை எச்சரித்தது. வங்கிச் செயலி உள்ள போனும் அந்தப் பாக்ஸும் உங்கள் வீட்டில் ஒரே வைஃபையில்தான் இருக்கும்.

மின்வெட்டு பற்றி ஒரு வார்த்தை. பழைய கேபிளில் கம்பத்தில் உள்ள, சிக்னலைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையருக்கும் மின்சாரம் வேண்டும். ஒளியில் சிக்னல் வரும் ஃபைபரில் நடுவழியில் மின்சாரமே தேவையில்லை. எங்கள் அலுவலகத்தில் பேட்டரி இருக்கும்வரை, உங்கள் ரவுட்டருக்கும் டிவிக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு இருந்தால் படம் நிற்காது. ரவுட்டருக்கு மட்டும் சின்ன டிசி யுபிஎஸ் (மின்வெட்டில் ஓட வைக்கும் பேட்டரிப் பெட்டி) வாங்கினால், அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டேஜும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபைபரில் கோளாறு. பச்சைத் தலை உள்ள அந்த மெல்லிய வயரை டம்ளர் வாயை விடக் குறுகலாகச் சுற்றி வைத்தாலும் ஒளி கசிந்து இதே விளக்கு எரியலாம். நீங்கள் கழற்றித் துடைக்க வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள்.

நேரலை கிரிக்கெட் நெட்டில் சில விநாடிகள் பின்தங்கித்தான் வரும், பக்கத்து வீட்டு ஆரவாரம் முதலில் கேட்டுவிடும். அது கோளாறல்ல. நாள் முழுக்கச் சேனல் மாற்றிப் பார்த்துப் பழகிய தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில், மாதம் சில நூறு ரூபாய்க்காக அவர்கள் கையிலிருந்து எண் ரிமோட்டைப் பிடுங்காதீர்கள் என்பது எங்கள் வேண்டுகோள்.

முடிவு செய்துவிட்டீர்கள் என்றாலும் ஒரு மாதம் இரண்டையும் வைத்துப் பாருங்கள். அதன் பிறகு மாத இறுதிக்குள் சொல்லுங்கள், அடுத்த மாதக் கட்டணம் விழாது. செட்டாப் பாக்ஸோடு ரிமோட், அடாப்டர் மூன்றையும், வைப்புத்தொகை கட்டிய ரசீது இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். பெட்டியைத் திரும்பப் பெற்றதற்கான ரசீதைக் கையில் வாங்காமல் போகாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கேபிள் மற்றும் பிராட்பேண்ட் சேவை அலுவலகம்