ஆர்டிசோக்கை அலமாரியில் வைக்காதே

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய குட்டி ஆர்டிசோக் படத்தைப் பார்த்தேன். நல்ல சரக்குதான். மொட்டுகள் இறுக்கமாக மூடியிருக்கின்றன, தண்டு வெட்டிய இடமும் காய்ந்து கறுக்கவில்லை. இரண்டு கிலோ வாங்கிவிட்டாய், அத்தனையையும் எண்ணெயில் ஊறப்போட்டு ஜாடிகளில் அடைத்து அலமாரியில் அடுக்கி வைக்கலாமா, நண்பர்களுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அலமாரியில் வைக்கக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நீ நிதானமாகப் படிப்பாய். வீட்டில் எண்ணெயில் போட்ட ஆர்டிசோக்குக்கு இடம் ஃப்ரிட்ஜ்தான், ஒரு வாரத்துக்குள் தின்று தீர்க்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்காக வாங்கியது வீணாகிவிடுமோ என்று பயப்படாதே, அதற்கும் வழி இருக்கிறது.

குட்டி ஆர்டிசோக் என்றதும் முற்றாமல் பறித்த பிஞ்சு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது முற்றிய மொட்டு. ஆர்டிசோக் என்பதே பூக்குமுன் பறித்துக் காய்கறியாகத் தின்னும் மொட்டுதான். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த முட்செடியில், நடுத்தண்டின் உச்சியில் பெரிய மொட்டு வரும். கீழே பக்கக் கிளைகளில், பெரிய இலைகளின் நிழலில் வருவது சின்னதாகவே நின்றுவிடும். பெரிய மொட்டின் நடுவே தொண்டையில் சிக்குகிற மயிர்க்கற்றை ஒன்று இருக்கும், கரண்டியால் சுரண்டி எடுத்தால்தான் சாப்பிட முடியும். சின்னதில் அது வளர்ந்திருக்காது. வெளி இதழ்களை உரித்துவிட்டால் மிச்சம் முழுவதையும் அப்படியே தின்னலாம். ஊறவைக்க இதைத் தேடுவது அதனால்தான்.

இந்தச் சின்ன மொட்டுக்காக ரவுடிகள் அலைந்த காலமும் உண்டு. 1930-களில் நியூயார்க்கில் சிரோ டெரனோவா என்று ஒருவர், 'ஆர்டிசோக் ராஜா' என்றே பட்டப்பெயர். கலிஃபோர்னியாவிலிருந்து வரும் சரக்கு முழுவதையும் மிரட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு விலையை ஏற்றிவிட்டார். 1935 டிசம்பரில் மேயர் லா கார்டியா விடியற்காலையில் சந்தைக்கே போய், நகரத்தில் ஆர்டிசோக் விற்கக் கூடாது என்று தடை அறிவித்தார். சில நாட்களில் விலை இறங்கியது, தடையும் போனது. ஒரு காய்கறிக்கு இவ்வளவு ரகளையா என்று உனக்குச் சிரிப்பு வரும். உரித்துப் பார், கிலோவில் பாதிக்கு மேல் குப்பைக் கூடைக்குப் போவதைப் பார்த்ததும் அதன் விலை ஏன் அப்படி என்று புரிந்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு கிலோவுக்கு அளவு சொல்கிறேன். மொத்தத்தையும் ஒரே நாளில் எடுக்காதே. உரிக்கிற வேலை இடுப்பை ஒடிக்கும், கடைசியில் வருகிற மொட்டுகளுக்குப் பொறுமை மிஞ்சாது.

ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பிழிந்த தோலையும் அதிலேயே போட்டு வை. உரித்த மொட்டு ஒவ்வொன்றும் அடுத்ததைத் தொடுவதற்கு முன் இந்தத் தண்ணீருக்குள் போக வேண்டும். வெட்டுப்பட்ட இடத்தில் காற்றுப் பட்டதும் மொட்டிலுள்ள ஒரு நொதி வேலையைத் தொடங்கிவிடும், சில நிமிடங்களில் பழுப்பேறும். புளிப்பு அந்த நொதியை மந்தப்படுத்தும். இரும்புக் கத்தியோ அலுமினியப் பாத்திரமோ வேண்டவே வேண்டாம், ஆர்டிசோக் அந்த உலோகங்களோடு சேர்ந்தால் இன்னும் அசிங்கமாகக் கறுக்கும். கத்தி, பாத்திரம் எல்லாம் எவர்சில்வராக இருக்கட்டும். கையுறை போட்டுக்கொள். விரலில் ஒட்டுகிற கறை போகட்டும், அந்தக் கசப்பு சோப்புக்கும் அசையாது. சாயங்காலம் நீ எதைத் தின்றாலும் கசக்கும்.

இனி உரிப்பது. வெளி இதழ்களை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி மடக்கி ஒடி. கரும்பச்சை போய், அடியில் வெளிர் மஞ்சளும் நுனியில் மட்டும் லேசான பச்சையுமாக இதழ் வரும்வரை நிறுத்தாதே. இங்கேதான் எல்லோரும் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை இப்படிப் பிய்த்து எறிவதா என்று மனசு கேட்காமல் நான்கு இதழ்களை விட்டுவிடுவார்கள். அந்த நான்கும் எவ்வளவு வேகவைத்தாலும் நாராகத்தான் இருக்கும், வாயில் சக்கையாக நிற்கும். நல்ல இதழா என்று சந்தேகம் வந்தால் அதையும் பிய்த்துவிடு. அப்புறம் மேலே மூன்றில் ஒரு பங்கை நறுக்கித் தள்ளு. தண்டில் ஒரு விரற்கடை விட்டு, அதன் தோலையும் இதழ் ஒடித்த இடத்தின் பச்சை விளிம்பையும் சின்னக் கத்தியால் சீவிவிடு. தண்டை முழுக்க வெட்டி எறியாதே, அடிப்பாகத்தின் அதே ருசி அதிலும் இருக்கிறது. மிகச் சின்னதை முழுதாகவும், கொஞ்சம் பெரியதை இரண்டாகவும் விடலாம். வெட்டும்போது நடுவில் மயிர் தென்பட்டால் சுரண்டிவிடு.

வேகவைக்கும் தண்ணீரில்தான் இந்தப் பக்குவத்தின் உயிர் இருக்கிறது. அரை லிட்டர் வெள்ளை ஒயின் வினிகர், அரை லிட்டர் தண்ணீர், ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு, பிரிஞ்சி இலை இரண்டு, மிளகு பத்துப் பன்னிரண்டு. வினிகர் பாட்டிலில் 5 சதவீத அமிலம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. அதைவிடக் குறைந்தது வேண்டாம். பாதிக்குப் பாதி வினிகரா, தொண்டையைப் பிடிக்குமே என்று தண்ணீரைக் கூட்டாதே. இத்தாலியில் இதை எண்ணெயில் போடுகிற வீடுகளிலும் வினிகர் கலந்த தண்ணீரில்தான் முதலில் வேகவைக்கிறார்கள். பிறகு சேரும் எண்ணெய் அந்தப் புளிப்பின் முனையை மழுக்கிவிடும்.

கொதி வந்ததும் எலுமிச்சைத் தண்ணீரிலிருந்து மொட்டுகளை வடித்து இதில் போடு. அவை மேலே மிதக்கும், ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து அமுக்கி வை. எட்டு நிமிடத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம். அடித்தண்டில் கத்தி முனை இறங்க வேண்டும், ஆனால் கொஞ்சம் எதிர்ப்புக் காட்ட வேண்டும். குழைந்தால் போச்சு, எண்ணெயில் ஊறியதும் களியாகிவிடும். பூண்டு போடுவதாக இருந்தால் இரண்டு மூன்று பல்லை உரித்து இந்தக் கொதியிலேயே சேர்த்துவிடு. பச்சைப் பூண்டை நேரே எண்ணெயில் போடாதே.

வெந்ததும் சுத்தமான துணியில் தலைகீழாக அடுக்கி வடியவிடு. இதழ்களுக்கு நடுவே தங்கியிருக்கும் நீர் இறங்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், ஆறியதும் துணியோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறந்துவிடு. அவசரப்பட்டால் அந்த நீர் ஜாடியின் அடியில் கலங்கலாகத் தேங்கும், மசாலாவும் ஒட்டாது.

ஊறவைக்கும் கலவையில் உன் கைக்கு இடம் உண்டு. நான் போடுவது: ஆலிவ் எண்ணெய் 200 மில்லி, எலுமிச்சைச் சாறு மூன்று மேசைக்கரண்டி, வேகவைக்க வாங்கிய அதே வினிகர் பாட்டிலிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த ஆரிகானோ ஒரு தேக்கரண்டி, மிளகாய்ச் செதில் கால் தேக்கரண்டி, உப்பு ருசி பார்த்து. உன் அம்மா மிளகாயை இரட்டிப்பாக்குவாள், எலுமிச்சைத் தோலையும் துருவிப் போடுவாள். அது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் ஒப்புக்கொண்டதாக அவளிடம் சொல்லாதே. சர்க்கரை சேர்க்கச் சொல்லும் செய்முறைகளையும் பார்த்திருப்பாய். தேவையில்லை. ஆர்டிசோக்கில் சைனரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. தின்ற பிறகு தண்ணீர் குடித்தால்கூடச் சிலருக்கு நாக்கு இனிப்பாக உணரும். அதன் மேல் சர்க்கரையும் போட்டால் திகட்டிவிடும். கலவையை நன்றாக அடித்து, கொதிநீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடி ஜாடியில் மொட்டுகளை அடுக்கி, மேலே ஊற்று. எல்லாம் மூழ்காவிட்டால் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடு. நேராக ஃப்ரிட்ஜுக்குள். ஒரு நாள் முழுக்கத் தொடாதே, இரண்டாம் நாளிலிருந்துதான் ருசி கூடும். மூடியில் தேதி எழுதி ஒட்டு.

இப்போது அலமாரி விஷயம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் காய்கறியோடும் பூண்டோடும் இலைதழைகளோடும் வீட்டுக்குள் வரும். நாம் தினமும் தின்னும் காய்களிலும் இருக்கலாம், சாதாரணமாகப் பெரியவர்களை ஒன்றும் செய்வதில்லை. காற்றில்லாத, ஈரமுள்ள, புளிப்புக் குறைந்த ஓர் இடம் கிடைத்து, அறையின் சூட்டில் சில நாள் இருக்கவிட்டால்தான் முளைத்து விஷத்தைச் சுரக்கும். எண்ணெய் நிரப்பிய ஜாடி அதற்குத் தோதான இடம். எண்ணெய் காற்றைத் தடுக்கிறது, அதனால் பாதுகாப்பு என்று பலரும் நம்புகிறார்கள். அந்தக் கிருமிக்குக் காற்று இல்லாததுதான் வேண்டும். வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாகாது. 121 டிகிரி செல்சியஸ் சூட்டை ஆலைகளில் போலக் கணக்குப் பார்த்துக் கொடுத்தால்தான் அழியும். நம் வீட்டுக் குக்கரை நம்பி அந்தக் கணக்கைப் போட முடியாது.

புளிப்பை அளக்கப் பி.ஹெச் என்று ஓர் எண் உண்டு, அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். அது 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி முளைக்காது. வினிகரில் வேகவைத்தாயிற்றே, அப்புறம் என்ன என்று நீ கேட்பாய். மொட்டின் நடுவரை அந்தப் புளிப்பு இறங்கியதா என்று பார்த்தும் சொல்ல முடியாது, தின்றும் சொல்ல முடியாது. எலுமிச்சையின் புளிப்பும் பழத்துக்குப் பழம் மாறும். கடையில் விற்கும் ஜாடிகள் மாதக்கணக்கில் வெளியே இருக்கின்றன என்றால், அங்கே ஒவ்வொரு தொகுதியையும் கருவி வைத்து அளக்கிறார்கள். அதையும் திறந்த பிறகு ஃப்ரிட்ஜில்தான் வைக்கச் சொல்கிறார்கள். ஊறுகாயோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காதே, அதில் போகும் உப்பும் புளிப்பும் எங்கே, இது எங்கே.

இந்த விஷம் இருந்தால் வாசனை மாறும், மூடி உப்பும் என்று காத்திருக்கவும் முடியாது. பல நேரம் எந்த அடையாளமும் தெரியாது. 1985-ல் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டைத் தின்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் நோய்வாய்ப்பட்டார்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய பாட்டிலை வெளியே வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது, பேச்சுக் குழறுவது, பிறகு மூச்சுத் தசைகள்வரை செயலிழப்பது என்று போகும். எண்ணெயில் போட்ட எதையாவது தின்றபின் யாருக்காவது இப்படி ஆனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சந்தேகமான ஜாடியை ருசி பார்த்துச் சோதிக்கவே கூடாது, அப்படியே எறிந்துவிடு.

பயமுறுத்தி உன்னை நிறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நானும் ஆண்டுதோறும் போடுகிறேன், ஒவ்வொரு தடவையும் சின்ன ஜாடிதான்.

மீதிச் சரக்குக்கு வழி சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? இரண்டாவது கிலோவையும் இதேபோல் உரித்து, வினிகர்த் தண்ணீரில் வேகவைத்து, வடியவிட்டு, எண்ணெய் சேர்க்காமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் உறையவிடு. கல்லானதும் பைக்கு மாற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடு. சில மாதங்களுக்குக் கவலையில்லை. வேண்டும்போது ஒரு கைப்பிடி எடுத்து, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உருகவிட்டு, அன்றே புதுக் கலவையில் ஊறவை. புதிதை விடக் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், ருசியில் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. நண்பர்களுக்குக் கொடுப்பதும் இப்படியே செய். விருந்துக்குப் போகிற நாளுக்கு இரண்டு நாள் முன்பு ஊறவைத்து, குளிர்ப்பையில் கொண்டுபோய்க் கையோடு அவர்கள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வா. பார்சலில் அனுப்புகிற யோசனை இருந்தால் விட்டுவிடு.

ஃப்ரிட்ஜில் ஆலிவ் எண்ணெய் உறைந்து வெள்ளையாகத் திரியும். கெட்டுப்போனது என்று நினைத்துக் கொட்டிவிடாதே. வேண்டிய அளவை மட்டும் தட்டில் எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தால் உருகிவிடும், ஜாடி உடனே உள்ளே போகட்டும். ரொட்டியோடு தின்னலாம், பாஸ்தாவில் கிளறலாம், பீட்சா மேல் பரப்பலாம். தின்று முடித்தபின் மிஞ்சும் எண்ணெயை சாலட்டில் ஊற்று, அந்த வாரத்துக்குள்ளேயே. அடுத்த ஜாடிக்கு அதை எடுத்து வைக்காதே.

சனிக்கிழமை உரிக்க உட்காரும்போது கூப்பிடு. காலை நேரமாக இருந்தால் நல்லது, சாயங்காலம் நானும் அம்மாவும் வெளியே போகிறோம். கத்தியைத் தீட்டி வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா